ஐந்து சதம்... ஒரு வேலை நீக்கம்!

2019 உலகக் கோப்பையில் ரோஹித் சர்மா ஐந்து சதம் அடித்தார். ஒரே உலகக் கோப்பையில் அத்தனை சதங்களை அதற்கு முன்பு யாரும் அடித்ததில்லை. இந்தியா அரையிறுதியில் வெளியேறிய ஏறக்குறைய ஆறு வாரத்தில் அணியின் பேட்டிங் பயிற்சியாளர் சஞ்சய் பாங்கருக்கு வேலை போனது. தலைமைப் பயிற்சியாளர் ரவி சாஸ்திரி தப்பினார். ஒருகாலத்தில் தமிழ்நாட்டு அணிக்கு ஆடிய பந்துவீச்சுப் பயிற்சியாளர் பரத் அருண் தப்பினார். ஃபீல்டிங் பயிற்சியாளர் ஸ்ரீதரும் தப்பினார். பாங்கரின் நாற்காலி மட்டும் விக்ரம் ராத்தோருக்குப் போனது. நடுவரிசை சரியில்லை, நான்காம் இடத்துக்கு ஓர் ஆளை நிலைக்கவைக்க முடியவில்லை என்பதுதான் அப்போது பேசப்பட்ட காரணம். ஆனால் மான்செஸ்டரில் நியூசிலாந்திடம் 18 ரன்னில் தோற்ற அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டை வேறு கதை சொல்கிறது. 240 ரன்னைத் துரத்திய இந்தியா 5 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்தது. விழுந்த மூவரும் முதல் மூன்று இடத்துக்காரர்கள்: ராகுல், ரோஹித், கோலி. தலைக்கு ஒரு ரன். நடுவரிசை மட்டையைத் தொடுவதற்கு முன்பே ஆட்டம் பாதி போய்விட்டது.

நான்காம் இடத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பேட்டிங் பயிற்சியாளரிடம் இருந்ததும் இல்லை. அம்பதி ராயுடுவை விட்டுவிட்டு நம் விஜய் சங்கரை இங்கிலாந்துக்கு அனுப்பியது தேர்வுக் குழு. சங்கருக்குக் காலில் அடிபட, ரிஷப் பந்த் அந்த இடத்துக்கு வந்தார். இத்தனைக்கும் நடுவில் பயிற்சியாளர் எதைச் செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்த வேலை என்னவென்பதே நம் கிரிக்கெட்டில் இன்னும் தெளிவாகவில்லை. ரோஹித்தின் சதம் ரோஹித்துடையது, கோலியின் ஒற்றை ரன் மட்டும் பயிற்சியாளருடையது என்று கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். என் வாதம் இதுதான்: பேட்டிங் பயிற்சியாளரின் முதல் வேலை மட்டையைத் திருத்துவது என்று நாம் நினைக்கிறோம்; உண்மையில் அது, எந்த ஆட்டக்காரர் எந்தப் பந்தை எத்தனை முறை சந்திக்க வேண்டும் என்று முடிவு செய்வது. இதை ஒப்புக்கொண்டால் யாரைப் பயிற்சியாளராக்குவது, எதை வைத்து மதிப்பிடுவது, நல்லவரை எங்கே நிறுத்துவது ஆகிய மூன்றையும் இப்போது தலைகீழாகச் செய்துவருகிறோம் என்பது புரியும்.

இதற்கான முதல் சாட்சி கடிகாரம். ஆடுகளத்தின் இரு கிரீஸ்களுக்கும் இடையே 58 அடி, அதாவது சுமார் 17.7 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து இதைக் கடக்க ஏறக்குறைய அரை நொடி. கண் பார்த்து, மூளை உணர்ந்து, தசை அசையத் தொடங்கவே அதில் 0.2 நொடி கரைந்துவிடும். அமெரிக்க பேஸ்பாலில் பந்து எறியும் மேட்டுக்கும் அடிப்பவருக்கும் இடையே 18.44 மீட்டர், வேகம் 150-ஐத் தாண்டும்போது கையில் இருப்பது சுமார் 0.4 நொடிதான். அங்கே பந்து தரையில் குத்தி வருவதில்லை; இங்கே குத்தி, திசை மாறியும் வரும். 2000-ஆம் ஆண்டில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரு ஆய்வாளர்கள் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். நல்ல பேட்ஸ்மேனின் கண் பந்தைக் கடைசிவரை விடாமல் தொடர்வதில்லை. பந்து கையிலிருந்து கிளம்பியதும் சற்றுப் பார்த்துவிட்டு, அது எங்கே குத்தும் என்று ஊகித்து அந்த இடத்துக்கு முன்கூட்டியே தாவிவிடுகிறது. தேர்ந்தவர் சீக்கிரம் தாவுகிறார், மற்றவர் தாமதமாகத் தாவுகிறார். ஆக, ‘பந்தைக் கடைசிவரை பார்’ என்று நெட்ஸில் காலங்காலமாகக் கேட்கும் அந்த அதட்டல், எந்த நல்ல ஆட்டக்காரரும் அப்படியே செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்கிறது.

ஊகம் சொல்லி வருவதில்லை. திரும்பத் திரும்பப் பார்த்து வருவது. பந்துவீச்சாளரின் மணிக்கட்டு, தோள் திரும்பும் கோணம், பந்தின் தையல், ஓடிவரும் தாளம் என ஆயிரக்கணக்கான பந்துகளின் வழியே உள்ளே படியும் அறிவு அது. பேட்டிங் பயிற்சியாளர் கொடுக்கக்கூடிய ஆகப்பெரிய பொருளும் அந்தப் பந்துகள்தான். இந்திய அணியில் இதைச் செய்பவருக்கு வேறு பெயர். கர்நாடகத்தைச் சேர்ந்த ராகவேந்திரா, நீண்ட பிடியின் முனையில் கிண்ணம் வைத்த ‘சைடு ஆர்ம்’ என்ற கருவியால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை பந்தை எறிகிறவர். இடதுகைக்கு இலங்கையிலிருந்து நுவன் செனவிரத்னே, கூடவே வங்காளத்தின் தயானந்த் கராணி. பதவியின் பெயர் ‘த்ரோடவுன் நிபுணர்’. வேகப்பந்தை இந்திய பேட்ஸ்மேன்கள் இன்று எதிர்கொள்ளும் விதத்தில் ராகவேந்திராவுக்குப் பெரும் பங்கு உண்டென்று கோலியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2024 டி20 உலகக் கோப்பையை வென்றதும் இந்தியக் கிரிக்கெட் வாரியம் அறிவித்த 125 கோடி ரூபாயில் பேட்டிங் பயிற்சியாளருக்கு இரண்டரைக் கோடி, த்ரோடவுன் நிபுணர்களுக்குத் தலா இரண்டு கோடி என்று செய்திகள் வந்தன. வாரியம் தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, அந்தப் பங்கீட்டில் ஒரு நியாயம் இருக்கிறது.

அப்படியானால் பயிற்சியாளர் வெறும் பந்து எறியும் ஆளா என்று கேட்கலாம். பந்தை எறியத் தோள் போதும். எந்தப் பந்தை எறிவது என்று தீர்மானிக்கத்தான் தலை வேண்டும். சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக்கின் கதை இதற்குக் கைகொடுக்கும். 2010-க்குப் பிறகு டெஸ்ட் அணியில் இடமிழந்து எட்டு ஆண்டுகள் வெளியே நின்றவர். அந்த வனவாசத்தின் பிற்பகுதியில் அவரைக் கையிலெடுத்தவர் மும்பையின் அபிஷேக் நாயர். நாயர் இந்தியாவுக்கு ஆடியது மொத்தமே மூன்று ஒருநாள் ஆட்டம். கார்த்திக்கின் அடிப்படை ஆட்டத்தை நாயர் இடித்துக் கட்டவில்லை. கடைசி ஓவர்களில் வரும் யார்க்கர், மெதுவான பந்து, வைடு கோட்டை ஒட்டிய பந்து என்று குறிப்பிட்ட நெருக்கடிகளைப் பயிற்சியிலேயே திரும்பத் திரும்ப உண்டாக்கினார். 2017-இல் தமிழ்நாடு விஜய் ஹசாரே கோப்பையை வென்றபோது கார்த்திக் 607 ரன் எடுத்திருந்தார். 2018 மார்ச் 18 அன்று கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிராக 8 பந்தில் 29. கடைசிப் பந்து சிக்ஸர். 2022 ஐபிஎல்லில் 330 ரன், நூறு பந்துக்கு 183 என்ற வேகத்தில். 37 வயதில் டி20 உலகக் கோப்பைக்குப் போனார்.

2024 ஜூனில் ஓய்வை அறிவித்த கார்த்திக், ஜூலை முதல் தேதியே பெங்களூரு அணியின் பேட்டிங் பயிற்சியாளரானார். பயிற்சியாளராக முன் அனுபவம் பெரிதாகக் கிடையாது. அடுத்த சீசனிலேயே, 2025 ஜூன் 3-இல், பெங்களூரு தன் முதல் ஐபிஎல் கோப்பையைத் தூக்கியது. அதற்கு ஒரு வாரம் முன்பு லக்னோவில் 228 ரன்னைத் துரத்தி ஜிதேஷ் சர்மா 33 பந்தில் 85 அடித்தார். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது கார்த்திக்கைத் தன் குரு என்றார். ஜிதேஷ் ஆடுவது கார்த்திக் ஆடிய அதே இடம், அதே வேலை: விக்கெட் கீப்பர், கடைசி ஓவர் அடிதடி. நாயரிடம் வாங்கியதை ஜிதேஷிடம் கொடுத்தார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் ஒரு கோப்பையை வைத்து ஒரு பயிற்சியாளரை உயர்த்துவது, ஓர் அரையிறுதியை வைத்துப் பாங்கரை வீழ்த்தியதற்குச் சற்றும் குறையாத பிழை. பெங்களூருவின் பந்துவீச்சும் ஏலத்தில் எடுத்த ஆட்களும் அந்தக் கோப்பையில் பாதிக்கு மேல். எனவே கோப்பையை ஒதுக்கிவிட்டு, ஜிதேஷ் என்ற ஒருவர் ஒரு குறிப்பிட்ட நெருக்கடியை முன்பைவிட எப்படிச் சந்திக்கிறார் என்பதை மட்டும் கணக்கில் எடுப்போம்.

இந்த அளவுகோலை வைத்தால் பாங்கரின் கணக்கும் மாறுகிறது. 2014 கோடையில் இங்கிலாந்தில் கோலி பத்து இன்னிங்ஸில் 134 ரன் எடுத்தார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விலகும் பந்தில் ஜேம்ஸ் ஆண்டர்சன் அவரை நான்கு முறை வீழ்த்தினார். பாங்கர் அணியோடு சேர்ந்தது அந்தத் தொடர் முடிந்த கையோடு. 2018-இல் அதே இங்கிலாந்து, அதே ஆண்டர்சன், அதே பத்து இன்னிங்ஸ்: கோலி 593. ஆண்டர்சனிடம் ஒருமுறைகூட ஆட்டமிழக்கவில்லை. அதை அடுத்து ஆஸ்திரேலியாவில் புஜாரா மூன்று சதத்தோடு 521 ரன் குவித்து, இந்தியா அங்கே முதன்முறையாக டெஸ்ட் தொடரை வென்றது. இந்த மாற்றத்தில் டெண்டுல்கரின் ஆலோசனை இருந்தது, கிரீஸுக்கு வெளியே நின்று ஆடச்சொன்ன சாஸ்திரி இருந்தார், ராகவேந்திராவின் பந்துகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் மேல் கோலியின் பிடிவாதம் இருந்தது. பாங்கரின் பங்கை மட்டும் தனியாக நிறுத்துப் பார்க்கத் தராசு கிடையாது. ஆனால் நான்கு ஆண்டில் ஒரு பந்து வகை ஒரு பேட்ஸ்மேனுக்கு விஷமாக இருந்து வெறும் பந்தாக மாறியதா என்று பார்க்க முடியும். மாறியது. 2019 ஆகஸ்டில் அதை யாரும் பேசவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு பழையது, வலுவானதும்கூட. மேதைகளுக்குப் பயிற்சியாளர் தேவைப்பட்டதே இல்லை. பிராட்மேன் பவ்ரல் ஊரில் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்தே உருவானார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சுவர் என்ன செய்தது? எந்த வேகத்தில் எந்தத் திசையில் வருமென்று தெரியாத பந்தை, நாள் முழுக்கச் சலிக்காமல், ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்தது. பயிற்சியாளரிடம் நான் எதிர்பார்ப்பதும் முக்கால்வாசி அதுவே. நம் தெருக்களிலும் இதே கதைதான். வலதுபக்கம் காம்பவுண்டுச் சுவர், அடித்தால் அவுட். எதிரே கார் நிற்கிறது, தூக்கி அடிக்கக்கூடாது. ஒரு பக்கம் ஈரமாக்கிய டென்னிஸ் பந்து. நேராக ஆடும் பையன்களை இந்த விதிகள் ஆளில்லாமலேயே உருவாக்கிவிடுகின்றன. இன்று தெருவில் இடமில்லை, அதனால் காசு கொடுத்து நெட்ஸுக்குப் போகிறார்கள். போன இடத்தில் சுவர் செய்ததைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது என்றால் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு மரியாதை சார்ந்தது. பத்தாயிரம் ரன் அடித்தவரிடம் சொல்லத் தகுதியானவர் இன்னொரு பத்தாயிரக்காரர்தான், மற்றவர் பேச்சு எடுபடாது என்பது. 2004-இல் ஆஸ்திரேலியா இங்கே வந்தபோது சுனில் கவாஸ்கரே பேட்டிங் ஆலோசகராக இருந்தார். அவரைவிடப் பெரிய பெயர் இருக்க முடியாது. இந்தியா 2-1 என்று தொடரை இழந்தது. அது கவாஸ்கரின் குறையென்று நான் சொல்லமாட்டேன். பெரிய பெயர் தானாக ஒன்றையும் நடத்திவிடாது என்று மட்டும் தெரிகிறது. மறுபக்கம், பாங்கரின் இடத்துக்கு வந்த ராத்தோர் ஆடியது ஆறே டெஸ்ட். 2025 ஜனவரியில் இந்திய அணியின் பேட்டிங் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற சிதான்ஷு கோட்டக் சௌராஷ்டிராவுக்காக முதல்தர ஆட்டத்தில் எட்டாயிரம் ரன்னுக்கு மேல் எடுத்தவர், இந்தியாவுக்கு ஒருமுறையும் ஆடாதவர். தென்னாப்பிரிக்க மண்ணில் ஒருநாள் சதம் அடித்த முதல் இந்தியரான நம் டபிள்யூ.வி. ராமன் மொத்தம் 11 டெஸ்ட்தான் ஆடினார்; அவர் பயிற்சியளித்த இந்திய மகளிர் அணி 2020 மார்ச் 8 அன்று மெல்போர்னில் 86,174 பேர் முன்னிலையில் டி20 உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடியது. அடுத்த ஆண்டே அவருக்கும் பதவி நீடிக்கவில்லை என்பது இந்தத் தொழிலின் வழக்கமான பின்குறிப்பு.

பேஸ்பாலில் இந்த விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. அங்கே ஒவ்வொரு அணிக்கும் ஹிட்டிங் பயிற்சியாளர் உண்டு, துணைக்கு ஆட்களும் உண்டு. ஆண்டுக்கு 162 ஆட்டம். 1970-களில் அந்தத் தொழிலுக்கே முகவரி கொடுத்த சார்லி லாவ் ஆட்டக்காரராக அடித்த சராசரி .255, சாதாரணம். அவரிடம் பயின்ற ஜார்ஜ் பிரெட் 1980-இல் .390 அடித்தார். அண்மைக் கதை இன்னும் சுவாரஸ்யம். ஜே.டி. மார்ட்டினெஸ் என்பவர் 2013-ஆம் ஆண்டின் முடிவில், அணிப் பயிற்சியாளர்களை விட்டுவிட்டு, தனியாகப் பயிற்சி தந்த கிரெய்க் வாலன்ப்ராக், ராபர்ட் வான் ஸ்காய்க் ஆகியோரிடம் போய்த் தன் அடியையே மாற்றிக்கொண்டார். ஹூஸ்டன் அணி பொறுமையில்லாமல் 2014 மார்ச்சில் அவரை விடுவித்தது. டெட்ராய்ட் சேர்த்துக்கொண்டது, அந்த ஆண்டு 23 ஹோம் ரன், 2017-இல் 45. மட்டையோடு மேல்மட்டத் தொழில்முறை ஆட்டம் எதையும் ஆடாத வான் ஸ்காய்க்கை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி தன் ஹிட்டிங் பயிற்சியாளராக நியமித்தது. அந்த அணி 2020-இல் உலகத் தொடரை வென்றது. ஆடிய பெயரைக் கேட்காமல், அடிப்பவரின் கண்ணுக்கும் கைக்கும் என்ன நடக்கிறது என்று தெரிந்தவரைத் தேடிப் போனார்கள்.

இனி நம் ஊரான சென்னைக்கு வருவோம். கரையான்சாவடியிலிருந்து மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் கிழக்கே போனால் போரூரில் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவமனை வளாகம். அங்குள்ள விளையாட்டு அறிவியல் மையம், பந்துவீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்கிறதா என்று சோதிக்க ஐசிசி அங்கீகாரம் பெற்றது. நகருக்குள் சேத்துப்பட்டில் 1987 முதல் எம்ஆர்எஃப் வேகப்பந்து அறக்கட்டளை. டென்னிஸ் லில்லி கால் நூற்றாண்டு கற்றுத்தந்தார், பிறகு கிளென் மெக்ராத் வந்தார். ஸ்ரீநாத்தும் ஜாகீர் கானும் அங்கே தேறியவர்கள். பந்துவீச்சுக்கு இவ்வளவு செய்த சென்னையில், பேட்டிங்குக்கு இவற்றுக்கு இணையான ஒரு நிறுவனம் கிடையாது. காரணம் ஊகிக்கக்கூடியதே: முழங்கைக் கோணத்தையும் முதுகெலும்பு முறிவையும் அளக்கலாம், பந்தை ஊகிக்கும் திறனை அளப்பது கடினம். அளக்க முடியாததற்கு யாரும் பணம் போடுவதில்லை. பேட்டிங் கல்வி தனிமனிதர்களின் கையிலேயே தங்கிவிட்டது. 1934-இல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் ஒரே நாளில் 11 விக்கெட் எடுத்த ஏ.ஜி. ராம்சிங், அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூட ஆடாதவர், பிற்காலத்தில் சென்னைப் பையன்களைத் தேற்றியவர். அவர் மகன் கிருபால் சிங் 1955-இல் ஹைதராபாத்தில் தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். ராம்சிங்குக்குப் பின்னால் நிறுவனம் எதுவும் எழவில்லை.

விளைவை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எந்த மாலையும் பார்க்கலாம். மெட்ரோ தூண்களுக்கு அப்பால் இன்னும் அடுக்குமாடி எழாத மனைகளில் வலை கட்டி, மேட் விரித்து, விளக்குப் போட்டு நெட்ஸ் நடக்கிறது. ஒரு கோச், சுற்றிலும் பிள்ளைகள், ஓரத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி பெற்றோர். தலைக்குச் சில நிமிட பேட்டிங். பெற்றோர் கண்முன்னால் கோச் ஏதாவது செய்தாக வேண்டும். பந்தைப் பேசாமல் எறிந்துகொண்டிருந்தால் பணம் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதாகத் தோன்றும். அதனால் முழங்கையை உயர்த்து, காலை முன்னால் வை, தலையை அசைக்காதே என்று வாய் ஓயாது. விளம்பரப் பலகையில் பந்தெறியும் இயந்திரம் முக்கிய இடம் பிடிக்கிறது. இயந்திரத்துக்கு மணிக்கட்டும் தோளும் இல்லை; ஊகிக்க எதைப் பார்க்க வேண்டுமோ அதைத் தவிர மற்றெல்லாம் அதில் கிடைக்கும். புதிதாக ஒரு ஷாட்டைப் பழக அது உதவும்தான். ஆனால் பத்து வயதுப் பையனின் முக்கியத் தீனி அதுவாகிவிட்டால், மாவட்ட அணித் தேர்வில் நிஜமான இடதுகை வேகப்பந்துக்காரர் ஓடிவரும்போது அவன் கண்ணுக்குப் படிக்க எதுவும் பழக்கமிருக்காது.

இந்தக் கோச்சுகளைக் குறை சொல்வது எளிது, நியாயமில்லை. குறைந்த வருமானம், நிலையில்லாத வாடகை மைதானம், அடுத்த மாதம் பிள்ளை வருமா என்ற கவலை. லெவல்-1 சான்றிதழ் வாங்கினாலும் கட்டணம் கூடப்போவதில்லை. கற்றுக்கொடுத்தால் அதிகம் படியும் வயதில் பிள்ளைகள் இவர்களிடம் இருக்கிறார்கள். கற்றுக்கொள்ள அதிகம் மிச்சமில்லாத வயதில் உச்சத்து ஆட்டக்காரர்கள் கோடிச் சம்பளப் பயிற்சியாளரிடம் இருக்கிறார்கள். சந்தை அப்படித்தான், ஐபிஎல்லைப் பார்க்கக் கூட்டம் வருகிறது, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்கு யார் வருவார் என்பது மூன்றாவது மறுப்பு. எம்ஆர்எஃப் அறக்கட்டளையே இதற்குப் பதில். 1987-இல் வேகப்பந்துப் பள்ளிக்குச் சந்தை எதுவும் இருக்கவில்லை. ஒரு டயர் நிறுவனம் பொறுமையாகப் பணம் போட்டது, பத்து ஆண்டுக்குள் இந்திய அணியின் புதுப்பந்து அங்கிருந்து வந்தவர் கையில் இருந்தது.

பெரிய கட்டடம் கேட்கவில்லை. 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் எட்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் பயிற்சிக் குழு உண்டு. ஆட்டம் நடப்பது கோடையின் சில வாரங்கள். மற்ற மாதங்களில் ஒவ்வொரு அணியின் பேட்டிங் பயிற்சியாளரையும் ஒரு மாவட்டச் சங்கத்தோடு இணைக்கலாம். அவர் சிறுவர்களிடம் நேராகப் போக வேண்டியதில்லை, போனால் செல்ஃபியோடு முடியும். திருவள்ளூர் மாவட்டத்தின் புறநகர் கோச்சுகளிடம் போகட்டும்: சைடு ஆர்மைச் சரியாக எறியப் பழக்கட்டும், முப்பது பிள்ளைகளை ஒரே வலையில் நிறுத்தாமல் பந்துவீசும் பிள்ளையும் பேட் பிடிக்கும் பிள்ளையும் ஒருவரையொருவர் படிக்கும்படி பயிற்சியை அமைக்கக் காட்டட்டும். ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகைப் பந்தில் ஆட்டமிழக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஓராண்டு கழித்து அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து அந்தக் கோச்சுக்குச் சங்கம் ஊக்கத்தொகை கொடுக்கலாம். பாங்கருக்கு அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், 2019 ஆகஸ்டில் தேர்வுக் குழுவின் மேசையில் அதன் முதல் பக்கத்திலேயே ஆண்டர்சனின் பெயர் இருந்திருக்கும்.